இரும்பு இன்ஜினா, யூசிஇ-யா, ஜே-சீரிஸா: எந்த புல்லட் வாங்கலாம்?

"புல்லட் வாங்கலாம்னு இருக்கேன். பழசு எடுக்கவா, புதுசு எடுக்கவா?" இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. பழசு என்று எல்லோரும் பொதுவாகச் சொல்வதில் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு வண்டிகள் இருக்கின்றன. புதுசு மூன்றாவது. மூன்றுக்கும் டேங்கில் ஒரே ராயல் என்ஃபீல்டு பெயர்தான், மூன்றும் 350 சிசிதான். தூரத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். உட்கார்ந்து ஓட்டினால்தான் வித்தியாசம் புரியும்.

முதலில் எது எது என்று பிரித்துக்கொள்வோம். 1955ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் இங்கிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து திருவொற்றியூரில் தொடங்கிய ஆலையில் அரை நூற்றாண்டுக்கு மேல் செய்யப்பட்டது காஸ்ட் அயர்ன் புல்லட். சிலிண்டர் வார்ப்பிரும்பு, கியர்பாக்ஸ் தனிப் பெட்டி. 2010ஐ ஒட்டி அது நின்றுபோனது. அடுத்தது யூசிஇ: இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள், சிலிண்டர் அலுமினியம். 2009 நவம்பரில் வந்த கிளாசிக் 350 இந்த இன்ஜினோடுதான் வந்தது, அதன் பிறகுதான் தெருவுக்கு நாலு புல்லட் நிற்க ஆரம்பித்தது. மூன்றாவது ஜே-சீரிஸ். 2020 நவம்பரில் மீட்டியார் மாடலில் அறிமுகமாகி, 2021 செப்டம்பரில் கிளாசிக்குக்கும் 2023 செப்டம்பரில் புல்லட் என்ற மாடலுக்கும் வந்தது. இன்று ஷோரூமில் நிற்கும் 350கள் எல்லாம் இதுதான்.

நடுவில் ஏவிஎல் என்று ஒன்றும் உண்டு. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் உதவியோடு செய்த லீன்பர்ன் இன்ஜின், அதாவது பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டி எரிப்பது. மச்சிஸ்மோ, பழைய தண்டர்பேர்ட் மாடல்களில் இருக்கும். நல்ல இன்ஜின்தான். ஆனால் குறைவான வருடங்களே வந்ததால் ஸ்பேர்ஸ் தேடி அலையணும். அதில் தெரிந்த மெக்கானிக் கையில் இருந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். டீசல் புல்லட் எனப்பட்ட டாரஸைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. 325 சிசி டீசல் இன்ஜின், 6.5 குதிரைத்திறன். மைலேஜ் கதைகள் கேட்க நன்றாக இருக்கும். கேட்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, இப்போது பவர். பேப்பரில் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். காஸ்ட் அயர்ன் 346 சிசி, சுமார் 18 குதிரைத்திறன். யூசிஇ-யும் அதே 346 சிசி, அதே 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), அதே 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). 5,250 ஆர்பிஎம்மில் 19.8 குதிரைத்திறன், 28 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). ஜே-சீரிஸில் போர் 72, ஸ்ட்ரோக் 85.8, 349 சிசி. 6,100 ஆர்பிஎம்மில் 20.2 குதிரைத்திறன், டார்க் 27. அதாவது அரை நூற்றாண்டு தாண்டியும் இரண்டு குதிரைத்திறன்தான் கூடியிருக்கிறது, டார்க்கில் யூசிஇ-யை விட ஒன்று குறைந்தே இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு "அப்போ எல்லாம் ஒண்ணுதானே, குறைஞ்ச விலையில பழசே எடுத்துக்கலாம்" என்று முடிவு செய்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கணக்கு தப்பு. ராயல் என்ஃபீல்டு இத்தனை வருடமும் பணத்தைப் பவரில் போடவில்லை. சேஸிஸ், பிரேக், அதிர்வு இந்த மூன்றில் போட்டிருக்கிறது. நீங்கள் கூடுதலாகக் கொடுப்பதும் அதற்குத்தான்.

அதிர்வை எடுத்துக்கொள்ளுங்கள். யூசிஇ கிளாசிக்கில் ஹைவேயில் 70 வரை சொர்க்கம். 80ஐத் தாண்டியதும் ஃபுட்ரெஸ்ட் காலடியில் கிறுகிறுக்கும், கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கித் தெரியும். 90ல் அரை மணி நேரம் போய் இறங்கினால் உள்ளங்கை மரத்துப்போயிருக்கும். ஜே-சீரிஸில் பேலன்சர் ஷாஃப்ட் வைத்தார்கள். ஒற்றைச் சிலிண்டரின் குலுக்கலுக்கு எதிர்ப்பக்கம் சுழன்று அதைச் சமன் செய்கிற ஒரு கனமான தண்டு, அவ்வளவுதான். அதனால் 90 என்பது நாள் முழுக்கப் போகக்கூடிய வேகமாகிவிட்டது. சென்னையிலிருந்து திருச்சி வரை போகிற ஆளுக்கு இந்த ஒரு காரணமே போதும். காஸ்ட் அயர்னுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். அது 60ல் போக உண்டான வண்டி, 60ல் போனால் அதைப் போல சுகமும் கிடையாது.

பிரேக்கில் இடைவெளி இன்னும் பெரிது. பெரும்பாலான காஸ்ட் அயர்ன் புல்லட்டில் முன்னும் பின்னும் டிரம். லைனிங் நன்றாக இருந்து கேபிளும் சரியாக வைத்திருந்தால் நிற்கும். மழையில் லைனிங் நனைந்தால் முதல் இரண்டு பிடிக்குப் பிடிக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிவந்தால் டிரம் சூடேறி லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடும். செகண்ட் கியரில் இன்ஜின் பிரேக் பிடித்து இறங்கத் தெரியணும். யூசிஇ கிளாசிக்கில் முன்னால் 280 மில்லிமீட்டர் டிஸ்க் உண்டு. பின்னால் டிஸ்க் 2017ல்தான் வர ஆரம்பித்தது, அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் 2018ல். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்குக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்ற விதி 2019 ஏப்ரலில் முழுமையாக அமலானது. ஆகவே யூசிஇ என்ற ஒரே பெயருக்குள் ஏபிஎஸ் இல்லாத 2014 வண்டியும் இருக்கிறது, இரண்டு சக்கரத்திலும் ஏபிஎஸ் உள்ள 2019 வண்டியும் இருக்கிறது. விற்கிறவர் இரண்டையும் "கிளாசிக் சார்" என்றுதான் சொல்வார். ஜே-சீரிஸ் கிளாசிக்கில் முன் டிஸ்க் 300, பின் டிஸ்க் 270. விலை குறைந்த ரெட்டிச் மாடலில் மட்டும் பின்னால் டிரம், ஏபிஎஸ்ஸும் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். செகண்ட் ஹேண்டில் ஜே-சீரிஸ் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

சேஸிஸ் வெளியே தெரியாத விஷயம், ஆனால் வளைவில் தெரியும். யூசிஇ கிளாசிக்கில் முன்னால் ஒற்றைக் குழாய் இறங்கி இன்ஜினோடு சேரும், இன்ஜினே சேஸிஸில் பாதி வேலை செய்யும். ஜே-சீரிஸில் முன்னால் இரட்டைக் குழாய் இறங்கி இன்ஜினைத் தாங்குகிறது. இங்கிலாந்தின் ஹாரிஸ் பர்ஃபார்மன்ஸ் ஆட்கள் சேர்ந்து உருவாக்கியது. முன் ஃபோர்க் 35லிருந்து 41 மில்லிமீட்டராகத் தடித்தது. எடை பழைய கிளாசிக்கை ஒட்டியே 195 கிலோதான், ஆனால் வளைவில் பாதியில் பள்ளம் வந்தால் பழையது ஆடிவிட்டுப் போகும், புதியது நேராகப் போகும். 195 கிலோ என்னால் ஆகாது என்பவர்களுக்கு அதே ஜே இன்ஜினில் ஹன்டர் இருக்கிறது, 181 கிலோ, 17 அங்குலச் சக்கரம். சிட்டிக்கு அதுதான் சரி என்பது என் கட்சி, ஆனால் அதை புல்லட் என்று ஒத்துக்கொள்ள வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு வராது.

இனி சத்தம். இதைப் பேசாமல் புல்லட்டைப் பற்றிப் பேசியதாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காஸ்ட் அயர்னின் 'டுக் டுக்' நீளமான ஸ்ட்ரோக்கிலிருந்தும் கனமான ஃப்ளைவீலிலிருந்தும் வருவது. ஐடிலில் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகக் கேட்கலாம். யூசிஇ-யில் அது கொஞ்சம் நெருங்கியது. ஜே-சீரிஸில் ஆழமும் இருக்கிறது, ஒழுங்கும் இருக்கிறது, அந்தத் தடுமாற்றம்தான் இல்லை. ரசிகர்கள் குறைபட்டுக்கொள்வது அதைத்தான். குறைபட்டுக்கொண்டு நேராகப் போய் அதிகச் சத்தம் போடும் இந்தோரி சைலன்சர் மாட்டுகிறார்கள். போலீஸ் பிடித்தால் அபராதம், தெருவில் குழந்தை தூங்கினால் திட்டு. செகண்ட் ஹேண்டில் சைலன்சர் மாற்றிய வண்டி வந்தால் ஒரிஜினல் சைலன்சரைக் கேளுங்கள். எங்கே போனதென்று தெரியாது என்றால் அதன் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

காஸ்ட் அயர்ன்: இது வண்டி மட்டும் இல்லை

காஸ்ட் அயர்ன் ஆசை உள்ளவர்கள் ஒரு குளிர்ந்த காலையில் அதை ஸ்டார்ட் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பெட்ரோல் டேப்பைத் திறக்கணும். சாவியைப் போட்டதும் ஹெட்லைட் மூடியிலிருக்கும் ஆம்பியர் மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் கெட்டியாக நிற்கும். முள் நடுவுக்கு வரும். பாயிண்ட் (ஸ்பார்க்குக்கான மின்தொடர்பு) திறந்துவிட்டது, பிஸ்டன் மேலே இருக்கிறது என்று அர்த்தம். இப்போது இடது கையில் சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, கிக்கரை ஒரு விரல் அளவு மட்டும் தள்ளணும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் உடம்பு எடை முழுவதையும் போட்டு ஒரே உதை. சரியாகச் செய்தால் முதல் உதையில் எடுக்கும். டைமிங் முன்னே பின்னே இருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் அதை ஒரு வாரம் ஞாபகம் வைத்திருக்கும்.

இது பிடித்தால் காஸ்ட் அயர்ன் உங்களுக்கான வண்டி. எரிச்சலாக இருந்தால் வேண்டாம். கியர் வேறு வலது காலில், பிரேக் இடது காலில். ஃபர்ஸ்ட் மேலே, மற்ற மூன்றும் கீழே. வீட்டில் வேறு பைக்கும் ஓட்டுபவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பது நிஜமான ஆபத்து. வலது கியர் வேண்டாம், ஆனால் இரும்பு இன்ஜின் வேண்டும் என்பவர்கள் எலெக்ட்ரா 5எஸ் தேடலாம். இடது கியர், ஐந்து ஸ்பீடு, பாயிண்ட் தொல்லையும் கிடையாது. தேடித்தான் கிடைக்கும்.

ஸ்பேர்ஸ் பயம் வேண்டாம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் காஸ்ட் அயர்னுக்குக் கிடைக்காத பொருள் குறைவு. கஷ்டம் தரத்தில் இருக்கிறது. டூப்ளிகேட் பாயிண்ட் செட் போட்டால் இரண்டு மாதத்தில் மறுபடி அதே மெக்கானிக் கடை வாசலில் நிற்பீர்கள். மெக்கானிக்கும் ஐம்பது வயதைத் தாண்டியவராகத்தான் இருப்பார். ஷோரூமில் பயிற்சி எடுத்த இளைஞர்களுக்கு ஸ்கேனர் தெரியும், டேப்பெட் சத்தத்தைக் காதால் கேட்டு வால்வு இடைவெளி வைக்கத் தெரியாது. அவர்கள் மேல் தப்பில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பேப்பர் விஷயம் இன்னும் முக்கியம். ஆர்சி பதினைந்து வருடத்துக்குத்தான். 2010ஐ ஒட்டி நின்றுபோன இன்ஜின் என்பதால், இன்று விற்பனைக்கு வரும் எந்தக் காஸ்ட் அயர்ன் புல்லட்டும் அந்தக் கெடுவைத் தாண்டியது. எஃப்சி காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போகணும். விற்பவர் அதைப் புதுப்பித்து வைத்திருக்கிறாரா என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் டார்ச் அடித்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பழைய புல்லட்டில் இன்ஜின் மாறியிருப்பது சர்வசாதாரணம். அதை ஆர்சியில் ஏற்றாமல் வைத்திருப்பதும் சாதாரணம்தான், ஆனால் அந்தத் தலைவலி உங்களுக்கு எதற்கு?

யூசிஇ: நடுவில் நிற்கும் வண்டி

ஓஎல்எக்ஸில் தேடினால் முதல் பக்கம் முழுக்க யூசிஇ கிளாசிக்தான் வரும். பெரும்பாலானவர்கள் இதில்தான் போய் நிற்கிறார்கள். பழைய முகம், செல்ஃப் ஸ்டார்ட், கிக்கர், இடது கியர், விலையும் கைக்கு எட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இந்த வண்டி மேல் முழு நம்பிக்கை வந்ததில்லை. காஸ்ட் அயர்னின் எளிமையும் இதில் இல்லை, ஜே-சீரிஸின் பக்குவமும் இல்லை. சும்மா விலை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

ஆனாலும் நல்ல யூசிஇ-கள் உண்டு. பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள்; நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கும். செல்ஃப் அழுத்துங்கள். 'கடக்' என்று இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம் வந்தாலோ, மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் சுற்றாமல் போனாலோ செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் போய்விட்டது. யூசிஇ-யின் பிரபலமான வியாதி அதுதான். பேட்டரி வீக்காக இருக்கும்போது திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் சீக்கிரம் வரும். கிக்கர் இருக்கிறதே என்று விற்பவர் சிரிப்பார். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டில்பாரை இரண்டு விரலால் மெல்லத் திருப்பும்போது நேர்க்கோட்டில் வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான கோன் செட்டை மாற்றணும். ஸ்போக் ரிம்மில் நிப்பிள் ஓரம் துரு, சிலிண்டர் ஹெட் ஓரம் ஆயில் கசிவு இரண்டும் கண்ணாலேயே தெரியும்.

இதற்குச் சாதகமாக ஒன்று சொல்லியாகணும். யூசிஇ-யில் ஹைட்ராலிக் டேப்பெட். வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும், வைக்கிற வேலையே கிடையாது. ஜே-சீரிஸில் சர்வீஸின்போது வால்வு இடைவெளியைப் பார்த்து வைக்கணும். புதுசில் எல்லாமே எளிது என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

வருடம் பார்த்து எடுங்கள். 2009–11 வண்டிகளுக்கு ஆர்சி கெடு முடிந்துவிட்டது அல்லது முடியப்போகிறது. அதற்கு அடுத்தவை இன்னும் சில வருடத்தில் அங்கே வந்து நிற்கும். என்னைக் கேட்டால் யூசிஇ-யில் 2018 பிற்பகுதிக்கு மேல், 2020 மார்ச்சுக்குள், இரண்டு சக்கர ஏபிஎஸ் உள்ள கார்புரேட்டர் வண்டி மட்டும்தான் கணக்கில் வரும். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 மாசு விதிக்காக அந்த வருட ஆரம்பத்திலேயே அதே பழைய இன்ஜினுக்கு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வைத்தார்கள். அந்த கிளாசிக்குகள் ஒன்றரை வருடத்துக்குச் சற்று மேல்தான் விற்பனையில் இருந்தன. கொஞ்சம் கூடப் போட்டால் பழகிய ஜே-சீரிஸே கிடைக்கும் என்பதால் அதற்குப் பணம் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தயாரான கிளாசிக், புல்லட் வண்டிகள் சிலவற்றை இக்னிஷன் காயில் கோளாறுக்காகத் திரும்ப அழைத்ததும் ஞாபகம் இருக்கட்டும். அந்த வேலை முடிந்ததா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்து எந்த டீலரிடமும் கேட்கலாம். முதல் ஜே-சீரிஸ் கிளாசிக்கிலும் அப்படி ஒன்று உண்டு, 2021 டிசம்பரில் பின் பிரேக் சம்பந்தமாக 26,300 வண்டிகள்.

புதுசின் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமானது. 349 சிசி இன்ஜின் அந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்கிறது. வரி குறைந்த பிறகு அடிப்படை கிளாசிக்கின் எக்ஸ்ஷோரூம் விலை 1.8 லட்சத்தை ஒட்டி வந்தது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்குச் சாலை வரி 12 சதவீதம், அதோடு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடும் சேர்த்தால் அன்றைய கணக்கில் ஆன்ரோடு 2.1 லட்சத்தைத் தாண்டியது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் செகண்ட் ஹேண்ட் விலையைப் பேசணும். வரி குறைந்தபோது புதுசின் விலை இறங்கியது, பழசு விற்பவர்கள் அதைக் கேள்விப்படாதவர்கள் போலவே இருக்கிறார்கள். ஆறேழு வருட யூசிஇ-க்குப் புதுசின் ஆன்ரோடு விலையில் பாதிக்கு மேல் கேட்டால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

புதுசிலும் குறை உண்டு. கிக்கர் கிடையாது. பேட்டரி செத்தால் தள்ளி எடுக்கலாம் என்றால் ஃபியூயல் பம்ப் ஓடுகிற அளவுக்காவது கரண்ட் மிச்சம் இருக்கணும். வண்டியை மாதக்கணக்கில் ஷெட்டில் போட்டுவிட்டு வெளியூர் போகிறவர்களுக்கு இது வேலை வைக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தெருமுனை மெக்கானிக் கை விரித்துவிடுவார், சர்வீஸ் சென்டர்தான் கதி. ஊர் பக்கம் அது நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். ஸ்போக் சக்கர மாடல்கள் பெரும்பாலானவற்றில் டியூப்தான், பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றணும். அலாய் சக்கரம் உள்ள மாடலில் டியூப்லெஸ்.

பெட்ரோலையும் யோசியுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் ரப்பரும் பம்பும் அதற்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. கார்புரேட்டர் வண்டியில் குழாய், ஓ-ரிங் இவற்றை அவ்வப்போது பார்த்து மாற்றணும். எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதால் ஓட்டாமல் நிறுத்தினால் டேங்க் உள்ளே துரு பிடிக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் பழைய வண்டிக்கு அவ்வளவு பிரச்சினை இல்லை.

ஆக, தினமும் ஆபீஸ் போய் வர, மாதம் ஒரு முறை ஹைவேயில் ஏற ஒரே ஒரு வண்டி வேண்டும் என்றால் ஜே-சீரிஸ், அதில் இரண்டு சக்கர ஏபிஎஸ் உள்ளது. புதுசுக்குப் பணம் இடிக்கிறதா? யூசிஇ-க்கு இறங்காமல் 2022–23 ஜே-சீரிஸை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பைக் ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் ஒட்டினால் பிடிக்கும், நடந்து போகிற தூரத்தில் பழைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்றால் காஸ்ட் அயர்ன். அப்பா ஓட்டிய புல்லட் வீட்டிலேயே நின்றால் விற்காதீர்கள், அந்த விலைக்கு அப்படி ஒன்று திரும்பக் கிடைக்காது. யூசிஇ எடுப்பதென்றால் மேலே சொன்ன 2018 பிற்பகுதி முதல் 2020 மார்ச் வரை வந்த கார்புரேட்டர் வண்டி, ஒரே ஓனர், செல்ஃப் சத்தமில்லாமல் எடுக்கணும், விலை பாதிக்குக் கீழே. வண்டி லோனில் வாங்கியதா என்று ஆர்சியில் பாருங்கள். லோன் பதிவு இருந்தால் பேங்க் என்ஓசியும் லோன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்துக்கு நீங்களே ஆர்டிஓ ஆபீஸ் போங்கள். "அடுத்த வாரம் நானே மாத்தித் தர்றேன்" என்று விற்பவர் சொன்னால் அட்வான்ஸோடு நிறுத்திக்கொண்டு, மீதியை அடுத்த வாரமே கொடுக்கலாம்.